வால்வில் படிந்த பிசின்: சர்ஃபராஸ் பாய் நினைவில் ரோசம்மாள்

கூட்டத்துக்குத் தலைமையேற்றிருக்கும் சங்கத் தலைவர் அண்ணன் அரசப்பன் அவர்களே, பழவேற்காட்டிலிருந்து வந்து மேடையில் அமர்ந்திருக்கும் பெரியவர் ஷேக் தாவூத் அவர்களே, மறைந்தவரின் அன்புத் தங்கை நௌஷீன் அவர்களே, அவர் கணவர் பைசல் அவர்களே, பொன்னேரியிலிருந்து வந்திருக்கும் சந்திரகலா அம்மையார் அவர்களே, மதியத்தோடு பட்டறையைச் சாத்திவிட்டுக் கையைத் துடைத்தும் துடைக்காமலும் ஓடிவந்து இந்த மண்டபத்தை நிறைத்திருக்கும் என் தொழில் உறவுகளே! உங்கள் அனைவருக்கும் என் வணக்கம்.

கும்மிடிப்பூண்டி வட்டார மோட்டார் பட்டறை உரிமையாளர் சங்கத்தின் துணைத் தலைவி என்ற முறையில் இந்த மேடையில் நான் எத்தனையோ முறை பேசியிருக்கிறேன். மின்வெட்டைக் கண்டித்துப் பேசியிருக்கிறேன். ஆயுத பூஜைக்கு வாழ்த்துச் சொல்லியிருக்கிறேன். ஆனால், மாலை போட்ட படத்துக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு சர்ஃபராஸ் பாயைப் பற்றிப் பேச வேண்டிய நாள் ஒன்று வரும் என்று நான் நினைத்தேனா? நீங்கள்தான் நினைத்தீர்களா? ஐம்பது வயதுகூட நிறையாத மனிதர்! விடியற்காலைச் சுபுஹுத் தொழுகை முடித்து வந்தவர், மார்பு வலிக்கிறது என்று உட்கார்ந்தார். ஆம்புலன்ஸ் வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

அவரைத் தெரியாதவர்கள் யாரேனும் இங்கே இருந்தால் அவர்களுக்காகச் சொல்கிறேன். கவரைப்பேட்டையில், நெடுஞ்சாலையை ஒட்டி, தகரக் கூரை போட்ட ஒரு பட்டறை அவருடையது. அங்கே புது வண்டிக்கு இடம் கிடையாது. நம் அப்பன் பாட்டன் காலத்துக் கார்கள், நாற்பதுகளில், ஐம்பதுகளில் செய்தவை, மூக்கு நீண்டவை, முட்டைக் கண் விளக்கு வைத்தவை, அவைதான் அங்கே நிற்கும். சென்னையிலிருந்து வருவார்கள். நெல்லூரிலிருந்து வருவார்கள். பழைய கார்களை வரிசையாக ஓட்டிக் காட்டும் விழாக்களுக்கு முன்னால் அவர் பட்டறை வாசலில் இடம் பிடிப்பதே பெரும்பாடு!

அவரிடம் குறையே கிடையாதா? உண்டு. சொன்ன தேதிக்கு வண்டி கொடுத்ததாக அவருக்குச் சரித்திரமே கிடையாது. இங்கே உட்கார்ந்திருப்பவர்களில் அவரைத் திட்டாதவர்கள் கையைத் தூக்குங்கள் பார்க்கலாம்! ஒரு கைகூட எழவில்லை. இன்ஜின் சத்தத்தைக் கேட்க வேண்டும் என்று மரக்கட்டையின் ஒரு நுனியை இன்ஜின் மேலும் மறு நுனியைக் காதிலும் வைத்துக்கொண்டு நிற்கும்போது, பக்கத்து டீக்கடைக்காரர் கிளாஸ் கழுவினால்கூட, "யோவ், கொஞ்ச நேரம் சும்மா கீறியா?" என்று கத்துவார். அப்படி ஒரு மனிதர்.

நெஞ்சு கனத்துக் கிடக்கிறது. ஆனாலும் எனக்கு இங்கே ஒரு கடமை இருக்கிறது. இன்று நான் ஒரு பட்டறையின் உரிமையாளராக இந்த மேடையில் நிற்கிறேன் என்றால், அது எப்படி என்பதை நான் சொல்லியாக வேண்டும்.

இரண்டாயிரத்து ஆறாம் ஆண்டின் மழைக்காலம். சர்ஃபராஸ் பாய் கழற்றிப் பூட்டிய பழைய கார்கள் ஒன்றன்பின் ஒன்றாகத் திரும்பி வந்தன. எல்லாவற்றுக்கும் ஒரே நோவு. வால்வு சிக்கிக்கொள்கிறது! தொழிலில் இல்லாதவர்களுக்கு ஒரு வார்த்தை. பெட்ரோல் காற்று உள்ளே போகவும், எரிந்த புகை வெளியே வரவும் திறந்து மூடும் கதவுதான் வால்வு. அதன் தண்டு ஒரு சின்னக் குழாய்க்குள் ஏறி இறங்கும். அந்தக் குழாயைக் கைடு என்போம். தண்டு கைடுக்குள் சிக்கிக்கொண்டால் கதவு திறந்தபடியே நின்றுவிடும். இன்ஜின் இருமும், உதறும், படுத்துவிடும்.

சந்திரகலா அம்மையாரின் கார் எங்கே படுத்தது தெரியுமா? ரயில்வே கேட்டில். தண்டவாளத்தின் மேல்! பொன்னேரியில் அரிசி ஆலை நடத்தும் இந்த அம்மையார், தம் தந்தை விட்டுச்சென்ற காரில் விடியற்காலையில் கோயிலுக்குக் கிளம்பியிருக்கிறார். முன் சக்கரம் தண்டவாளத்தைத் தாண்டியதும் இன்ஜின் நின்றுவிட்டது. கேட்கீப்பர் ஓடிவந்தார். தயிர் கூடையோடு நின்ற பெண்கள் ஓடிவந்தார்கள். எல்லாருமாய்த் தள்ளி, கார் அந்தப் பக்கம் போய்ச் சேர்ந்தது. அதற்குப் பிறகு வந்தது கூட்ஸ் வண்டி. அம்மையார் இதோ முன் வரிசையில் நலமாக இருக்கிறார். கடவுளுக்கு நன்றி. ஆனால் அன்றைக்கு இந்த வட்டாரமே கொதித்துப்போனது. கொதிக்காதா? ஓர் உயிர் போயிருக்குமே!

தவறு யாருடையது? எல்லாரும் கேட்டார்கள். அந்தக் கார்களை யார் பூட்டியது? சர்ஃபராஸ் பாய். அவற்றின் வால்வுகளைத் தீட்டியது யார்? கைடுகளைப் பதித்தது யார்? நான். என் மெஷின். என் கை.

இரும்பு ஆலையில் தினக்கூலியாக இருந்து, மெஷின் ஓட்டக் கற்று, பழைய வால்வு கிரைண்டிங் மெஷின் ஒன்றை வாங்கிப்போட்டுத் தனியாகப் பட்டறை வைத்தவள் நான். எங்கள் சேரியில் எனக்கு முன் மெஷின் சொந்தமாக வைத்தவர் ஆணிலும் இல்லை, பெண்ணிலும் இல்லை என்பார்கள். அந்தப் பெயர் பலருக்குக் கண்ணை உறுத்தியது. இந்த மண்டபத்தில்தான் சங்கக் கூட்டம் கூடியது. பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது.

"பொம்பள கையில மெஷினக் குடுத்தா இப்டித்தான். கைடு டைட்டா கீது, வால்வு புடிச்சிக்கிது. இதுல பேச இன்னா கீது?"

சிரித்தார்கள். அதற்கு மேல் ஒருவர் எழுந்து, இனி யாரும் ரோசம்மாள் பட்டறைக்கு வேலை அனுப்பக் கூடாது என்று தீர்மானம் போடச் சொன்னார். தலைவர் அரசப்பன் அண்ணன் இங்கே இருக்கிறார். அன்று அவர் பட்ட தர்மசங்கடம் எனக்குத் தெரியும். தீர்மானம் வந்திருந்தால் என் பட்டறை அன்றோடு மூடியிருக்கும். நான் மீண்டும் ஆலை வாசலில் போய் நின்றிருப்பேன்.

அப்போது சர்ஃபராஸ் பாய் எழுந்தார். அவருக்கு அது எவ்வளவு சுலபமான வழி! "ஆமாம், அந்த அம்மாவின் வேலைதான் தப்பு" என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அவர் பெயர் மிச்சம். வாடிக்கையாளர்கள் மிச்சம். சொன்னாரா?

"தலைவரே, வால்வு ஏன் புடிக்குதுன்னு எனக்கு இன்னும் தெர்ல. தெரியாம ஒருத்தர் மேல போட மாட்டேன். எனக்குக் கொஞ்சம் டைம் குடுங்க. அதுவரைக்கும் தப்பு என்னுதுன்னே வெச்சிக்கோங்க."

உட்கார்ந்துவிட்டார். கைதட்டல் இல்லை. முணுமுணுப்புதான். அந்த வாரமே இரண்டொரு சென்னைக்காரர்கள் வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள்.

அதன் பிறகு அவர் செய்த காரியத்தைக் கேளுங்கள். சந்திரகலா அம்மையாரின் வீட்டுக்குப் போய், "அம்மா, காலைல நான் வர்ற வரைக்கும் வண்டியத் தொடாதீங்க" என்று சொல்லிவிட்டு வந்தார். மார்கழிப் பனி. தலையில் மப்ளரைச் சுற்றிக்கொண்டு விடியலிலேயே அவர்கள் ஷெட்டில் போய் நிற்பார். குளிர்ந்து கிடக்கும் இன்ஜினை ஸ்டார்ட் செய்வார். உதறும். காதை வைத்துக் கேட்பார். இன்ஜின் சூடேற ஏற உதறல் குறையும், பிறகு வெண்ணெய் மாதிரி ஓடும். மறுநாளும் அதே. மற்ற கார்களிலும் போய்ப் பார்த்தார். அதே.

ஒரு நாள் நேராக என் பட்டறைக்கு வந்தார். முகத்தில் அப்படியொரு வெளிச்சம்.

"அக்கா, உன் மெஷின் மேல தப்பு இல்லக்கா."

"எப்டி பாய் சொல்ற?"

"கைடு டைட்டா இருந்தா எப்பப் புடிக்கும்? சூடாவும்போது. தண்டு சூட்டுல பெருக்கும், இடம் பத்தாம புடிச்சிக்கும். இதுங்க எல்லாம் குளிர்ல புடிக்குது, சூடானா உட்டுடுது. அப்ப நடுவுல இன்னாவோ ஒட்டிக்கினு கீது. ஆறினா இறுகுது, சூடேறினா இளகுது."

எவ்வளவு எளிமையான பேச்சு! ஆனால் அந்த எளிமைக்காக எத்தனை பனிக்காலைகள் அவர் நின்றிருக்கிறார்!

அன்றே ஓர் இன்ஜினின் ஹெட்டை, வால்வுகள் பதிந்த மேல்மூடியை, கழற்றினோம். வால்வு கையோடு வரவில்லை. தட்டித்தான் எடுத்தோம். தண்டு முழுக்கப் பழுப்பு நிறத்தில் ஒரு பூச்சு, அடிபிடித்த வெல்லப்பாகு மாதிரி. நகத்தால் சுரண்டினால் வரவில்லை. அவர் அதை வெகுநேரம் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு என்னிடம் இரண்டு தகரத் தட்டுகள் கேட்டார். கைடு பதிக்க ஹெட்டைச் சூடாக்கும் அடுப்பு என்னிடம் இருந்தது. ஒரு தட்டில், வெளியூரில் வாங்கிய சீல் உடையாத டப்பா ஆயிலை ஊற்றினார். மற்றதில், தம் பட்டறையில் வழக்கமாகப் பயன்படுத்தும் டிரம் ஆயிலை ஊற்றினார். இரண்டையும் ஒரே சூட்டில் வைத்துவிட்டு ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்துவிட்டார். சாயங்காலம் பார்த்தால், டப்பா ஆயில் கறுத்திருந்தது, ஆனாலும் ஆயிலாகவே ஓடியது. டிரம் ஆயிலில், விரலை வைத்து எடுத்தால் பலாப்பழப் பிசின் மாதிரி நூல் நூலாக வந்தது.

எனக்குள் முதலில் எழுந்தது நிம்மதி. நான் தப்பித்தேன் என்ற நிம்மதி! அவர் முகத்தைப் பார்த்தபோதுதான் அது அடங்கியது. வெளிச்சம் போன இடம் தெரியவில்லை.

"அக்கா, இது மச்சான் கடை ஆயிலு" என்றார்.

மச்சான் என்றால் யார்? அவருடைய ஒரே தங்கை நௌஷீனின் கணவர், இதோ இங்கே அமர்ந்திருக்கும் பைசல் அவர்கள். கும்மிடிப்பூண்டி பஜாரில் ஆயில் கடை. தங்கையின் குடும்பம் முழுதும் நின்றது அந்தக் கடையின் மேல்தான். ஓடிக் களைத்த கழிவு ஆயிலை யாரோ வெளுத்து, வடிகட்டி, புதியது என்று டிரம்மில் அடைத்து விற்றிருக்கிறார்கள். பைசல் அவர்களும் ஏமாந்தவர்தான். ஆனால் ஊர் அதைக் கேட்குமா?

"இப்ப இன்னா பண்ணப் போற பாய்?" என்றேன்.

"மொதல்ல மச்சானாண்ட போய்ச் சொல்லணும். மீட்டிங்ல வெச்சி அவருக்குத் தெரியக் கூடாது. ஊட்டுல வெச்சித் தெரியணும்."

அந்த வீட்டில் நடந்ததை நான் பார்க்கவில்லை. அடக்கம் முடிந்த மறுநாள் நௌஷீன்தான் என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார். மேடையில் சொல்லட்டுமா என்று கேட்டேன். "சொல்லுங்கக்கா, எங்கண்ணன் யாருன்னு எல்லாருக்கும் தெரியட்டும்" என்றார். அதனால் சொல்கிறேன். பைசல் அவர்களும் பொறுத்துக்கொள்வார்.

சர்ஃபராஸ் பாய் விஷயத்தைச் சொன்னதும் பைசல் அவர்களுக்குக் கோபம் தலைக்கேறியது.

"உன் கைத்தப்ப மறைக்க என் கடைய மாட்டி உடறியா? இதே ஆயிலத்தான் லாரிக்காரன் ஊத்தறான், ஆட்டோக்காரன் ஊத்தறான். அவன் வண்டி ஓடலியா?"

"லாரி தெனிக்கும் ஓடுது மச்சான். ஒட்டறதுக்குள்ள சூட்டுல இளகிடுது. என்னாண்ட வர்ற காருங்க வாரக்கணக்குல நிக்குது. நிக்கிற வண்டிலதான் ஆயிலு உக்காந்து இறுகுது. லாரிக்கும் ஒரு நாள் வரும், லேட்டா வரும்."

நௌஷீன் டீ கொண்டுவந்து வைத்தவர், அண்ணன் முன்னால் அழுதுகொண்டே நின்றிருக்கிறார். "அண்ணே, எல்லாரும் அந்தப் பொம்பளையத்தானே சொல்றாங்க. நீயும் அப்டியே சொல்லிட்டுப் போயேன். எங்க பொழப்ப ஏன் கெடுக்கற?"

என் உறவுகளே! கூடப் பிறந்தவள், கண்ணில் நீரோடு கேட்கிறாள். நான் அவருக்கு யார்? அவர் வேலை அனுப்பும் ஒரு பட்டறைக்காரி. ரத்தமா, சாதியா, மதமா, எந்த வழியில் நான் அவருக்குச் சொந்தம்? அவர் என்ன சொன்னார் தெரியுமா?

"ரோசம்மா அக்காவுக்கும் ஊடு கீதும்மா."

அவ்வளவுதான். டீயைக் குடிக்காமல் எழுந்துவிட்டார். வாசலில் நின்று பைசல் அவர்களிடம், "மச்சான், மீட்டிங்ல உன் பேரு என் வாயிலேர்ந்து வராது. ஆனா ஆயிலுதான்னு சொல்லுவேன். அத சொல்லாம இருக்க முடியாது" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அன்று அந்த வீட்டில் யாரும் சரியாகச் சாப்பிடவில்லை. மறுநாள் கணவர் கடைக்குப் போனதும் நௌஷீன் ஒரு வேலை செய்தார். பரணிலிருந்து பழைய இரும்புத் தவா ஒன்றை எடுத்து, வீட்டில் இருந்த அதே டிரம் ஆயிலில் ஒரு கரண்டி ஊற்றி, அடுப்பைச் சிறிதாக வைத்துவிட்டுப் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டார். அண்ணன் பொய் சொல்கிறான் என்று தெரிந்துகொள்ளத்தான் உட்கார்ந்தாராம்! கணவர் சாப்பிட வந்தபோது, சோற்றுத் தட்டுக்குப் பதிலாக அந்தத் தவாவை அவர் முன்னால் வைத்தார். "தொட்டுப் பாருங்க" என்றார்.

பைசல் அவர்கள் தொட்டுப் பார்த்தார். விரலோடு நூல் நூலாக வந்தது.

மறுபடியும் இதே மண்டபம். சர்ஃபராஸ் பாய் அந்த வால்வைக் கையில் பிடித்துக்கொண்டு, குளிரில் பிடிப்பதையும் சூட்டில் விடுவதையும் விளக்கினார். தகரத் தட்டுகளைக் கையோடு கைமாற்றி எல்லாருக்கும் காட்டினார். "ரோசம்மா அக்கா வேலையில ஒரு குறையும் இல்ல. என் வேலையிலயும் இல்ல. நான் ஊத்துன ஆயிலுதான். வாங்கி ஊத்துனவன் நான். கழட்டித் தொடச்சிப் பூட்டித் தர்றது என் பொறுப்பு" என்றார்.

கூட்டம் விடுமா? "எந்தக் கடை ஆயிலு? பேரச் சொல்லு பாய்!" என்று ஒரே கூச்சல். அவர் நின்றார். தலையைக் குனிந்துகொண்டு நின்றார். "சொல்லு! யாரக் காப்பாத்தற?" என்று ஒருவர் மேடைக்கே வந்துவிட்டார். அப்போதும் வாய் திறக்கவில்லை. அந்த மௌனம் இருக்கிறதே, அதை என் ஆயுள் முழுக்க மறக்க மாட்டேன்.

அப்போது அதோ, அந்தக் கடைசி வரிசையிலிருந்து ஒருவர் எழுந்தார்.

"என் கடைதான். என் டிரம்மு. நான் பாக்காம வாங்கிட்டேன். யாராருக்கு ஊத்தியிருக்கோ, சொல்லுங்க, திருப்பி எடுத்துக்கறேன்."

பைசல் அவர்களே! ஒரு வியாபாரி, தம் பெயரைத் தாமே நாலு பேர் நடுவில் வைப்பது எவ்வளவு பெரிய காரியம்! அன்று கூச்சல் போட்டவர்கள்கூட உட்கார்ந்துவிட்டார்கள். சர்ஃபராஸ் பாய் மேடையிலிருந்து இறங்கிப் போய் மச்சானைக் கட்டிக்கொண்டார்.

பிறகு சிரமம் வராமல் இல்லை. டிரம் விற்றவர்கள் மிரட்டினார்கள். பைசல் அவர்கள் கடையில் வெகுகாலம் ஈ ஓட்டினார். சீல் உடைக்காத டப்பா மட்டும் விற்று, மெல்ல மெல்லத்தான் அந்தக் கடை நிமிர்ந்தது. ஆனால் அந்த மார்கழி முடிந்து தை பிறந்தபோது நான் கண்ட காட்சி இது. கார்கள் எல்லாம் மீண்டும் திறக்கப்பட்டுக் கிடக்கின்றன. சர்ஃபராஸ் பாய் ஹெட்டுகளைக் கழற்றுகிறார். நான் கைடுகளைச் சுத்தம் செய்கிறேன். நடுவில், வெள்ளைச் சட்டையின் கையை மடித்துவிட்டுக்கொண்டு, மண்ணெண்ணெய்த் தொட்டியில் வால்வுகளைக் கழுவிக்கொண்டிருப்பவர் யார்? ஆயில் கடை முதலாளி பைசல்! நௌஷீன் எங்களுக்குச் சோறு கொண்டுவந்தார். எனக்கு முதலில் பரிமாறினார். ஏன் என்று அன்றைக்கு எனக்குத் தெரியாது. இப்போது தெரியும்.

சந்திரகலா அம்மையாரின் கார் ஒரு பனிக்காலையில், குளிர்ந்து கிடந்தபடியே, ஒரு முறை உதறாமல் ஸ்டார்ட் ஆனது. அதே ரயில்வே கேட்டைத் தாண்டி அவர் கோயிலுக்குப் போனார்.

இந்த மனிதர் போய்விட்டாரே! இனி ஒரு வண்டி நீலப் புகை விட்டால், முழு இன்ஜினையும் பிரித்துச் செலவு வைக்காமல், "வால்வு பக்கம் ஆயிலு எறங்குது, அத்த மட்டும் பாத்தா போதும்" என்று சொல்ல யார் இருக்கிறார்கள்? இனி நம்மில் ஒருவர் மேல் வீண்பழி விழுந்தால், "கொஞ்சம் டைம் குடுங்க" என்று எழுந்து நிற்க யார் இருக்கிறார்கள்? அழுதால் அவர் வருவாரா? வரமாட்டார். வேலைதான் நமக்கு மிச்சம். அதனால் இந்தக் கூட்டம் கலைவதற்கு முன் சில காரியங்களை உறுதியாகச் சொல்ல வேண்டும்.

சர்ஃபராஸ் பாயின் பட்டறை மூடப்படாது. அது அவர் மனைவி ஆரிபாவின் பட்டறையாகவே நடக்கும். வாரத்துக்கு ஒருவர் என்று நம் சங்கத்து மெக்கானிக்குகள் அங்கே வேலைக்கு நிற்போம். பெயர் கொடுத்தவர்களுக்கு நன்றி. கொடுக்காதவர்கள் போகும்போது கொடுத்துவிட்டுப் போங்கள். பட்டறைக்கு வேண்டிய ஆயிலைப் பைசல் அவர்கள் தாமே சோதித்துப் பார்த்து அனுப்புவார். காரணம் காட்டாமல் எந்தத் தொழிலாளி மேலும் இனி இந்தச் சங்கம் தீர்மானம் போடாது. தலைவர் தலையாட்டுகிறார், எல்லாரும் பார்த்துக்கொள்ளுங்கள்!

கடைசியாக ஒன்று. அவர் பாதியில் விட்டுச்சென்ற வேலை ஒன்று பட்டறையில் நிற்கிறது. பெரியவர் ஷேக் தாவூத் அவர்களின் பச்சை நிறக் கார். ஹெட் கழற்றியபடி இருக்கிறது. ஆரிபா இன்று இங்கே வரவில்லை. கணவரை இழந்த பெண் வீட்டோடு இருந்து அனுசரிக்கும் இத்தாவில் இருக்கிறார். போன வாரம் அவரைப் பார்க்கப் போயிருந்தேன். பேச்சு எங்கெங்கோ போய்விட்டு அந்தக் காரில் வந்து நின்றது. அப்போது சொன்னார்:

"அக்கா, எத்தினி காரு ஊட்டு வாசல்ல வந்து நின்னிருக்கு. ஒரு நாளும் ஏறுன்னு சொன்னதில்ல. 'அது அடுத்தவங்க வண்டி'ன்னுவாரு. கதவத் தொறந்து பாக்கக்கூட உட மாட்டாரு."

நான் இதைப் பெரியவரிடம் சொன்னேன். அவர் கார் சாவியை எடுத்து என் கையில் கொடுத்தார்.

நௌஷீன், வீட்டுக்குப் போனதும் அண்ணியிடம் சொல்லுங்கள். இத்தா முடிகிற நாளுக்குள் அந்தக் கார் ஓடும். வால்வை நான் தீட்டுகிறேன். பூட்டுகிறவர்கள் இந்த மண்டபம் நிறைய இருக்கிறார்கள். அன்று காலையில் கார் அவர் வீட்டு வாசலுக்கு வரும். பழவேற்காட்டு ஏரிக்கரையில் இருக்கும் அவர் தாய்வீட்டுக்கு அவரை அழைத்துப்போகும். முன் சீட்டில் உட்காரச் சொல்லுங்கள். கதவை நான் திறந்துவிடுகிறேன்.